யாரும் தொடாத கிணறு: லைட்வெல் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல நிறைய ஒரே மாதிரி இருந்துச்சு. "நான் எப்பவும் ஹீலர்தான் எடுப்பேன். யாராவது செத்தா திட்டு எனக்குத்தான் விழுது. ஏன்?" இதுக்கு நேரடியா பதில் சொல்றதைவிட, ஒரு கிணத்தோட கதையைச் சொன்னா நல்லா புரியும்னு தோணுச்சு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடினவங்களுக்கு 'லைட்வெல்'னு சொன்னதுமே சிரிப்பு வந்திருக்கும். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருதுன்னுதான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

இந்த கேமைத் தொட்டே பார்க்காதவங்களுக்கு முதல்ல கொஞ்சம் பின்னணி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், சுருக்கமா 'வாவ்', 2004 நவம்பர்ல ப்ளிஸார்ட் வெளியிட்டது. ஆன்லைன்ல நிறைய பேர் சேர்ந்து ஆடுற ரோல்-ப்ளேயிங் கேம். இதுல பெரிய சண்டைக்குப் பேரு ரெய்டு. ஆரம்ப காலத்துல ஒரு ரெய்டுக்கு 40 பேர் வரைக்கும் போவாங்க. அதுல மூணு வேலை இருக்கு. டேங்க், அதாவது பாஸ் முன்னாடி போய் நின்னு அடி வாங்குறவர். டேமேஜ், அதாவது பாஸை அடிச்சுத் தீர்க்குறவங்க. கூட்டத்துல பெரும்பாலானவங்க இவங்கதான். மூணாவது ஹீலர், மத்த எல்லாரையும் உயிரோட வெச்சிருக்கிறவர்.

நீங்க பிஜிஎம்ஐ மட்டும் ஆடுறவங்கன்னா இது கொஞ்சம் விசித்திரமா இருக்கும். அங்க அடிபட்டா ஒரு சுவத்துக்குப் பின்னாடி பதுங்கி, நீங்களே ஃபர்ஸ்ட் எய்ட் கிட் போட்டுக்குவீங்க. நாக் ஆனாதான் டீம்மேட் ஓடி வரணும். வாவ் ரெய்டுல பதுங்க சுவர் கிடையாது. அடி வாங்கிட்டே உங்க வேலையைப் பார்த்துக்கிட்டு இருப்பீங்க. உங்க உயிர் வேற ஒருத்தரோட கையில.

அந்த வேற ஒருத்தரோட ஸ்க்ரீன் எப்படி இருக்கும்னு கற்பனை பண்ணிக்கோங்க. டேமேஜ் ஆளோட ஸ்க்ரீன்ல நடுவுல டிராகன், நெருப்பு, பறக்குற பாறை எல்லாம் இருக்கும். ஹீலர் அதையெல்லாம் ஓரக்கண்ணாலதான் பார்ப்பார். அவர் கண்ணு ஸ்க்ரீன்ல ஒரு பக்கமா அடுக்கி வெச்சிருக்கிற சின்னச் சின்னப் பட்டைகள் மேலயே இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு பட்டை. பட்டை குறைஞ்சா உயிர் குறையுதுன்னு அர்த்தம். குறையுற பட்டையை கிளிக் பண்ணி ஸ்பெல் போடணும். ஒரு ஸ்பெல் போட்டா அடுத்ததுக்குப் பொதுவா ஒன்றரை விநாடி இடைவெளி. பெரிய ஹீலா இருந்தா போட்டு முடிக்கவே ரெண்டு மூணு விநாடி ஆகும். ஒவ்வொண்ணுக்கும் மானா செலவாகும். மானா தீர்ந்துபோச்சுன்னா அந்த ஹீலர் சும்மா நின்னு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அதனால ஒரு ஹீலருக்கு உண்மையில கையில இருக்கிறது ரெண்டே சரக்கு: விநாடி, மானா. லைட்வெல் இந்த ரெண்டையும் மிச்சம் பிடிக்கத்தான் வந்துச்சு.

2006-ல 1.10 பேட்ச் வந்தப்போ ப்ரீஸ்ட் கிளாஸோட டேலண்ட் மரத்தையே ப்ளிஸார்ட் மாத்தி அமைச்சாங்க. அதுல 'ஹோலி' கிளையோட உச்சியில, 31 பாயிண்ட் போட்டாத்தான் கிடைக்கிற இடத்துல, லைட்வெல்லை வெச்சாங்க. உச்சியில இருக்கிற டேலண்ட்னா அந்தக் கிளைக்கே மகுடம் மாதிரி. ப்ரீஸ்ட் ஒரு தடவை ஸ்பெல் போட்டா தரையில வெளிச்சம் வீசுற ஒரு சின்னக் கிணறு வரும். டீம்ல இருக்கிற யாரா இருந்தாலும் கிட்டப் போய் அதை கிளிக் பண்ணலாம். பண்ணினா பத்து விநாடிக்குக் கொஞ்சம் கொஞ்சமா உயிர் ஏறும். அஞ்சு தடவை கிளிக் பண்ணலாம், இல்லன்னா மூணு நிமிஷம் ஆனதும் கிணறே மறைஞ்சிடும்.

பேப்பர்ல கணக்குப் போட்டுப் பாருங்க, அருமையா இருக்கும். ஹீலர் ஒரே ஒரு தடவை கையை அசைக்கிறார், ஒரு தடவைதான் மானா செலவு, ஆனா அஞ்சு பேருக்கு ஹீல். அதுவும் யாருக்கு வேணும்னு அவர் தேட வேண்டியதில்ல. தாகம் இருக்கிறவன் தானா வந்து குடிச்சுக்குவான்.

யாரும் வரல.

இதுக்கு 'லோல்வெல்'னு ஒரு பட்டப்பேரே வந்துச்சு. நம்ம ஊர்ல 'காமெடி கிணறு'ன்னு சொல்ற மாதிரி. வருஷக் கணக்கா ப்ரீஸ்ட்கள் ரெய்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கெஞ்சுவாங்க, "தயவு செஞ்சு கிணத்தை கிளிக் பண்ணுங்கப்பா" அப்படின்னு. சண்டை முடிஞ்சு பார்த்தா அஞ்சுக்கு அஞ்சும் அப்படியே இருக்கும், பக்கத்துல நாலு பொணம் கிடக்கும்.

இதைக் கேட்டதும் பெரும்பாலானவங்க சொல்ற முடிவு, "டேமேஜ் ஆளுங்க சோம்பேறிங்க, சுயநலம், அறிவில்ல" அப்படின்னுதான். எனக்கு அந்த முடிவுல உடன்பாடு இல்ல. கிணத்தைத் தொடாத அந்த ஆள், பல நேரம் சரியாத்தான் யோசிச்சிருக்கார். எப்படின்னு சொல்றேன்.

முதல்ல அந்தப் பழைய லைட்வெல்லோட விதியில ஒரு வரி: உங்களை யாராவது அடிச்சா ஹீல் நின்னுடும். இன்னொரு தடவை படிங்க. உயிர் குறையுதுன்னுதான் கிணத்துக்குப் போறேன். எனக்கு ஏன் உயிர் குறையுது? ஏதோ ஒண்ணு என்னை அடிக்குது. அடிச்சா ஹீல் நிக்கும். அப்போ, அடி வாங்குறவனுக்கு உதவாத ஹீல் அது. வாங்கி முடிச்சவனுக்கு மட்டும்தான் உதவும். போதாததுக்கு, 40 பேர் கூட்டத்துக்கு அஞ்சு மடக்கு தண்ணி, அடுத்த கிணறு வெட்டப் பத்து நிமிஷம். பின்னாடி வந்த எக்ஸ்பேன்ஷன்கள்ல இதையெல்லாம் தளர்த்தினாங்க. 2008-ல வந்த 'ராத் ஆஃப் த லிச் கிங்' காலத்துல பத்து கிளிக், ஆறு விநாடியில ஹீல், மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை போடலாம், மொத்த உயிர்ல 30 சதவீதம் அளவுக்கு அடி விழுந்தாத்தான் ஹீல் நிக்கும். நல்ல மாற்றங்கள்தான். அப்பவும் கிணறு காஞ்சே கிடந்துச்சு. அப்போ சிக்கல் எண்ணிக்கையில இல்ல.

ரெண்டாவது, கண்ணு. கொஞ்ச நேரம் முன்னாடி சொன்னேன்ல, ஹீலர் பட்டைகளைப் பார்க்கிறார், டேமேஜ் ஆள் பாஸைப் பார்க்கிறார்னு. டேமேஜ் ஆள் தன்னோட உயிர்ப் பட்டையை எப்பப் பார்ப்பார்? ரொம்பக் குறைஞ்சு, ஸ்க்ரீன் ஓரம் சிவக்கிற மாதிரி ஏதாவது தெரிஞ்சா. அந்த நொடியில அவர் என்ன பண்ணணும்? தரையில இருக்கிற நெருப்புல இருந்து விலகணும். அடிக்கிற வரிசையைத் தவற விடக்கூடாது. வாய்ஸ் சாட்ல ரெய்டு லீடர் ஏதோ கத்துறார், அதைக் கேட்கணும். இத்தனைக்கும் நடுவுல, கிணறு எங்க இருக்குன்னு தேடி, நடந்து போய், பாஸோட கால், மத்தவங்களோட உடம்பு, ஸ்பெல் வெளிச்சம் எல்லாத்துக்கும் இடையில ஒரு சின்னப் பொருள் மேல மவுஸைச் சரியா வெச்சு கிளிக் பண்ணணும். உயிர் போற நேரத்துல ஊசியில நூல் கோக்கச் சொல்ற மாதிரி.

அழுத பிள்ளை பால் குடிக்கும்பாங்க. நல்ல ஹீலர் இருந்தா பிள்ளை அழறதுக்கு முன்னாடியே பால் வந்துடும். லைட்வெல்ல பிள்ளை தானே தவழ்ந்து போய்ப் பாலைக் காய்ச்சிக்கணும்.

மூணாவது காரணம்தான் எனக்கு ரொம்ப சுவாரஸ்யம், இதைப் பலபேர் கவனிக்கிறதில்ல. ஒரு ரெய்டுல ஹீலர் ஒருத்தர் மட்டும் இல்ல. 25 பேர் ரெய்டுன்னா அஞ்சாறு ஹீலர் இருப்பாங்க. உங்க பட்டை குறைஞ்சா அந்த அஞ்சாறு பேரும் அதைப் பார்த்துட்டாங்க. யாராவது ஒருத்தர் ஒண்ணு ரெண்டு விநாடியில நிரப்பிடுவார். நீங்க கஷ்டப்பட்டுக் கிணத்துக்கு நடந்து போய் கிளிக் பண்ணினா, அது ஆறு விநாடிக்கு மெதுவா சொட்டும். முதல் சொட்டு விழுறதுக்குள்ள உங்க பட்டை ஃபுல். மீதி சொட்டெல்லாம் வீண். இதுக்கு 'ஓவர்ஹீல்'னு பேரு. ரெண்டு மூணு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க என்ன கத்துக்குவீங்க? "கிணத்துக்குப் போறது வேஸ்ட், நின்ன இடத்துலயே நின்னு அடிச்சா யாராவது ஹீல் பண்ணுவாங்க." பத்துல ஒன்பது தடவை அந்தப் பாடம் சரி. பத்தாவது தடவை ஹீலர் எல்லாருக்கும் மானா தீர்ந்திருக்கும், நீங்க செத்துடுவீங்க.

சரி, செத்தாச்சு. டீம் மொத்தமும் விழுந்து 'வைப்' ஆச்சு. இப்போ வாய்ஸ் சாட்ல பஞ்சாயத்து. ப்ரீஸ்ட் சொல்வார், "பக்கத்துலயே கிணறு இருந்துச்சே, ஏன் தொடல?" செத்தவர் சொல்வார், "ஹீலர் நீங்கதானே?" ரெண்டு பேர் சொல்றதும் நியாயம் மாதிரி இருக்கு, அதனாலதான் இந்தச் சண்டை தீராது. உயிரைக் காப்பாத்துற பொறுப்பு ரெண்டு பேருக்கு நடுவுல, தரையில, ஒரு கிணறா உட்கார்ந்திருக்கு. ரெண்டு பேரும் அதைத் தன்னோடதுன்னு நினைக்கல. கேள்வி கேட்ட ஹீலர் நண்பர்களுக்கு இந்த இடம் பழக்கமா இருக்கும்.

என் பார்வை இதுதான். ஹீலர் வேலையில நிஜமான பாரம் கவனம். மானாவெல்லாம் அதுக்கு அப்புறம்தான். "உன் உயிரை நான் பார்த்துக்கிறேன், நீ உன் வேலையைப் பாரு"ங்கிற ஒப்பந்தம் அது. லைட்வெல் மானாவை மிச்சம் பிடிச்சுச்சு, ஆனா அந்தக் கவனத்தைத் திருப்பி அடிபட்டவன் தலையிலயே வெச்சுடுச்சு. அதுவும் அவனுக்குக் கவனமே மிச்சமில்லாத நொடியில.

"அப்போ ஆளுங்க எதையுமே கிளிக் பண்ண மாட்டாங்களா?"ன்னு கேட்டா, பண்ணுவாங்க. அதே கேம்ல வார்லாக்னு ஒரு கிளாஸ். அவங்க 'ஹெல்த்ஸ்டோன்'னு ஒரு கல் செஞ்சு கொடுப்பாங்க, அமுக்கினா உடனே உயிர் ஏறும். ஆரம்பத்துல ஒவ்வொருத்தருக்கா கையில கொடுக்கணும். 2007-ல வந்த 'பர்னிங் க்ரூசேட்' எக்ஸ்பேன்ஷன்ல 'சோல்வெல்' வந்துச்சு. பேர்ல இதுவும் கிணறுதான்! அதைத் திறக்கவே வார்லாக் கூட இன்னும் ரெண்டு பேர் கிளிக் பண்ணணும். அப்புறம் எல்லாரும் வரிசையா வந்து ஆளுக்கு ஒரு கல் எடுத்துக்குவாங்க. மேஜ் போடுற சாப்பாட்டு மேசையும் அதே கதை. கல்யாணப் பந்தி மாதிரி கூட்டம் மொய்க்கும்.

ஒரு கிணத்துல கூட்டம், இன்னொண்ணுல ஈ கூட இல்ல. ஏன்? சோல்வெல் சண்டைக்கு முன்னாடி வருது. அப்போ எல்லாரும் சும்மாத்தான் நிக்கிறாங்க, கவனம் நிறைய மிச்சமிருக்கு. கல்லை எடுத்துப் பையில போட்டுக்கிட்டா, சண்டையில அதுக்காக எங்கேயும் நடக்க வேண்டாம், தேட வேண்டாம், கீபோர்டுல ஒரு பட்டன். அந்த ஒரு பட்டனையே அமுக்க மறந்து செத்தவங்க ஏராளம்னா, கிணத்துக்கு நடந்து போகச் சொன்னா என்ன ஆகும்?

இங்க நியாயமா ஒண்ணு சொல்லணும். டீமை நம்பி இருக்கிறதாலயே ஒரு ஹீல் தோத்துடும்னு கிடையாது. லைட்வெல் இருந்த அதே ப்ரீஸ்டுக்கு பர்னிங் க்ரூசேட்ல 'ப்ரேயர் ஆஃப் மெண்டிங்'னு ஒரு ஸ்பெல் வந்துச்சு. ஒருத்தர் மேல போட்டு வெச்சா உடனே ஒண்ணும் நடக்காது. அவர் அடுத்து அடி வாங்குறப்போ அவரை ஹீல் பண்ணிட்டு, பக்கத்துல 20 கெஜத்துக்குள்ள இருக்கிற இன்னொருத்தர் மேல தாவும். அவர் அடி வாங்கினா அவரை ஹீல் பண்ணிட்டு அடுத்த ஆள். இப்படி அஞ்சு தடவை. இது முழுக்க முழுக்க டீம்மேட்டை நம்பித்தான் ஓடுது. யாரும் அடி வாங்கலன்னா தாவாது. எல்லாரும் தள்ளித் தள்ளி நின்னா தாவ ஆள் கிடையாது. ஆனா டீம்மேட் இதுக்காகப் புதுசா எதையும் செய்ய வேண்டியதில்ல. அடி வாங்குறது அவங்க எப்படியும் செய்யப் போற வேலைதானே! ஷாமனோட 'செயின் ஹீல்' கூட இதே குடும்பம். ஒருத்தரை ஹீல் பண்ணிட்டுப் பக்கத்துல நிக்கிறவர் மேல தாவும், தாவத் தாவ பலம் குறையும். பக்கத்துப் பக்கத்துல நின்னா போதும்.

அதே ஹோலி கிளையிலயே இன்னொண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 'ஸ்பிரிட் ஆஃப் ரிடெம்ப்ஷன்'. ப்ரீஸ்ட் செத்தாலும் சில விநாடிக்கு ஆவியா நின்னு ஹீல் பண்ணிட்டுத்தான் போவார். செத்தவர் கூட யாரையும் வந்து கிளிக் பண்ணச் சொல்லல பாருங்க.

ரோல்-ப்ளேயிங் கேம் இல்லன்னாலும் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆடுறவங்களுக்காக ஒரு வரி. 2013-ல வந்த த்ரெஷ் கையில ஒரு லாந்தர் இருக்கும். அதைத் தூக்கி எறிவார், டீம்மேட் கிளிக் பண்ணினா த்ரெஷ் பக்கம் இழுத்துக்கிட்டு வந்துடும். இதையும் கிளிக் பண்ணாம செத்தவங்களைப் பத்தி ஆயிரம் மீம் இருக்கு. ஆனாலும் லாந்தருக்கு ஒரு கௌரவம் இருக்கு, லோல்வெல் ஆகல. காரணம், லாந்தர் ஆபத்துல இருக்கிறவன் காலடிக்கே வருது. நம்ம ஊர்ல கோடைக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுறவங்க ஜனங்க நடக்குற ரோட்டோரமாத்தான் போடுவாங்க, ஊருக்கு வெளியே போட்டுட்டு "யாரும் குடிக்கல"ன்னு கோவிச்சுக்க மாட்டாங்க.

இப்போ எதிர்ப்பக்கத்து உதாரணம். டீம்மேட்களைப் புதுசா ஒரு வேலை செய்யச் சொல்லி, அது நிஜமாவே வேலை செஞ்ச ஒரு கேம். 2012 ஆகஸ்ட்ல கில்ட் வார்ஸ் 2 வந்தப்போ, தனியா ஹீலர்னு ஒரு வேலையே வேண்டாம்னு முடிவு பண்ணினாங்க. ஒவ்வொரு கிளாஸுக்கும் தன்னைத் தானே ஹீல் பண்ணிக்க ஒரு ஸ்கில் கட்டாயம். அதுக்கு மேல டீமுக்கு ஹீல் வேணும்னா 'காம்போ'னு ஒரு ஏற்பாடு. ஒருத்தர் தரையில தண்ணி வட்டம் ஒண்ணு போடுவார். சும்மா போட்டு வெச்சாலே அதுல கொஞ்சம் பலன் இருக்கலாம், ஆனா விஷயம் அதுல இல்ல. அந்த வட்டத்துக்குள்ள இன்னொருத்தர் 'ப்ளாஸ்ட்' வகை ஸ்கில் ஒண்ணை அடிச்சா, உதாரணமா கார்டியன் சுத்தியலால ஓங்கி ஒரு அடி அடிச்சா, அந்த அடி சுத்தி இருக்கிறவங்களுக்கு ஹீலா மாறும். ஒரு ப்ளாஸ்ட், அஞ்சு பேர் வரைக்கும். நாலு பேர் சேர்ந்து நாலு ப்ளாஸ்ட் அடிச்சா நாலு மடங்கு. தண்ணி போட்டவர் ஒருத்தர், அதை மருந்தாக்கினவங்க மத்தவங்க.

பெரிய கூட்டமா மோதுற வேர்ல்ட் வெர்சஸ் வேர்ல்ட் சண்டைகள்ல இது ஒரு கலையாவே வளர்ந்துச்சு. அடிபட்ட கூட்டம் பின்வாங்கி ஒரே இடத்துல குவியும். கமாண்டர் வாய்ஸ்ல "வாட்டர்!"னு சொல்வார், ஒருத்தர் வட்டம் போடுவார், "ப்ளாஸ்ட்!"னு சொன்னதும் எல்லாரும் அடிப்பாங்க, பட்டைகள் எல்லாம் ஒரே மூச்சுல ஏறும். லைட்வெல்லை விட இது கஷ்டமான வேலைதானே, இங்க மட்டும் எப்படி நடந்துச்சு? ஒருத்தர் குரல் கொடுத்து நேரத்தைச் சொல்லிட்டார், அதனால எப்போங்கிறதை யாரும் தனியா முடிவு பண்ண வேண்டியதில்ல. அடிக்கிற பட்டன் கைக்குப் பழகின பட்டன்தான். அப்புறம் நான் அடிக்கிற அடியில நானும் பொழைக்கிறேன், பக்கத்துல இருக்கிறவனும் பொழைக்கிறான், அது உடனே கண்ணுக்குத் தெரியுது. லைட்வெல்ல கிளிக் பண்றவனுக்கு அந்த சந்தோஷம் எதுவும் இல்ல. தனியா போய்த் தனியா குடிச்சுட்டு வரணும். மூஞ்சி தெரியாதவங்களோட கூட்டு சேர்றப்போ கில்ட் வார்ஸ் 2-லயும் இது சொதப்பும், அது வேற விஷயம். 2015-ல 'ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ்' எக்ஸ்பேன்ஷனோட ரெய்டுகளும் வந்துச்சு, ரேஞ்சருக்கு 'ட்ரூயிட்'னு ஒரு வடிவமும் வந்துச்சு. ஹீலரே வேண்டாம்னு ஆரம்பிச்ச கேம்ல மறுபடியும் ஹீலர் வந்து உட்கார்ந்துட்டார்.

திரும்ப வாவுக்கு வர்றேன். லைட்வெல்லை ஒழுங்கா பயன்படுத்தின டீம்களும் இருந்தாங்க. அதை மறைச்சுட்டுக் கதை சொன்னா நல்லா இருக்காது. குறிப்பா 2010 கடைசியில வந்த 'கேட்டகிளிஸம்' எக்ஸ்பேன்ஷன்ல ஹீலர்களுக்கு மானா ரொம்ப இறுக்கம். கண்டபடி ஸ்பெல் போட்டா பாதி சண்டையிலயே காலி. அப்போ ஒரு தடவை மானா கொடுத்தா பத்து ஹீல் தர்ற கிணறு திடீர்னு பொன் மாதிரி ஆச்சு. தினமும் சேர்ந்து ஆடுற கில்டுகள் என்ன பண்ணினாங்கன்னா, கிணத்தை மெலீ ஆளுங்க எப்படியும் நிக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே வெச்சாங்க. பாஸ் எந்த அடியை எப்போ அடிப்பான்னு முன்னாடியே தெரியும், அதனால "அடுத்த அடி விழுந்ததும் நீங்க மூணு பேர் கிணறு"னு பேரைச் சொல்லியே ஒதுக்கினாங்க. அந்த மூணு பேரை மத்த ஹீலர்கள் தொட மாட்டாங்க, அதனால ஓவர்ஹீலும் இல்ல. கவனிச்சீங்களா, கில்ட் வார்ஸ் கமாண்டர் பண்ணின அதே வேலை. கேம் கொடுக்காததை அந்த கில்டுகள் வாயால பேசியே கட்டி எடுத்தாங்க. ஆனா ஆன்லைன்ல அப்பப்போ கூடுற, பேரு தெரியாத 25 பேர்கிட்ட இதை எதிர்பார்க்க முடியுமா? ஒரு ஸ்பெல் வேலை செய்ய மாசக்கணக்கான சிநேகம் வேணும்னா, அந்தச் சுமையை டேலண்ட் மரத்தோட உச்சியில வெச்சது டிசைனோட தப்புன்னுதான் நான் சொல்வேன்.

ப்ளிஸார்டும் கடைசியில விட்டுக் கொடுத்தாங்க. 2012-ல ஆரம்பிச்ச 'மிஸ்ட்ஸ் ஆஃப் பண்டாரியா' காலத்துல லைட்வெல் தானா ஹீல் பண்ற மாதிரி மாறுச்சு. யாரும் வந்து தொட வேண்டாம், உயிர் குறைஞ்சவங்களைக் கிணறே தேடிப் பிடிச்சு ஹீல் பண்ணும். கிளிக் பண்ற பழைய முறை பிடிக்கும்னு சொன்னவங்களும் அப்போ இருந்தாங்க. எனக்கு அவங்களோட வருத்தம் புரியுது. உங்களை நம்பி ஒருத்தர் தண்ணி எடுத்துக்கிறதுல ஒரு உறவு இருக்கு, தானா சொட்டுற குழாயில அது கிடையாது. ஆனாலும் உயிர் போற இடத்துல நான் குழாய் பக்கம்தான். 2016-ல 'லீஜியன்' வந்தப்போ லைட்வெல்லையே மொத்தமா எடுத்துட்டாங்க. 2022-ல வந்த 'டிராகன்ஃப்ளைட்' எக்ஸ்பேன்ஷன்ல திரும்பி வந்துச்சு, தானா ஹீல் பண்ற கிணறாத்தான். உயிர் பாதிக்குக் கீழ போனவங்களைப் பார்த்து அதுவே ஹீல் பண்ணும், ப்ரீஸ்ட் கெஞ்ச வேண்டியதில்ல.

கேள்வி கேட்ட ஹீலர்களுக்கு என் பதில் இதுதான். உங்க டீம் கவனிக்கலன்னு கோபப்படுறதுக்கு முன்னாடி, நீங்க கேட்கிற விஷயம் எந்த நொடியில அவங்ககிட்ட போய்ச் சேருதுன்னு பாருங்க. சண்டைக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் கேளுங்க, பேரைச் சொல்லிக் கேளுங்க. "கொஞ்சம் பார்த்து ஆடுங்கப்பா"ன்னு பொதுவா சொன்னா அது யார் காதுலயும் விழாது. "ரெண்டாவது தடவை தரை வெடிச்சதும் நீ ஹெல்த்ஸ்டோன் அமுக்கிடு, உன்னை நான் பார்க்க மாட்டேன்"னு சொன்னா விழும். அப்படிச் சொல்லியும் அமுக்காம செத்தா, அந்தத் திட்டு உங்களோடது இல்ல. நிம்மதியா மியூட் பண்ணிக்கோங்க.

பழைய கிணத்தைக் கண்ணால பார்க்கணும்னு ஆசை இருந்தா, 2019 ஆகஸ்ட்ல வந்த வாவ் க்ளாசிக்ல அது அந்தக் காலத்து விதிகளோடயே இருக்கு. அஞ்சு கிளிக், அடி விழுந்தா நிக்கிற ஹீல், எல்லாம் அப்படியே. 60-வது லெவல்ல உங்ககிட்ட 51 டேலண்ட் பாயிண்ட் இருக்கும். அங்க ஹீல் பண்ற ப்ரீஸ்ட்கள் காலங்காலமா போடுற பிரபலமான கணக்கு ஒண்ணு இருக்கு: டிசிப்ளின் கிளையில 21, ஹோலி கிளையில 30. லைட்வெல் கிடைக்க ஹோலியில 31 வேணும். ஒரே ஒரு பாயிண்ட் முன்னாடி நிறுத்திட்டு எல்லாரும் அடுத்த கிளைக்குப் போயிடுறாங்க.

அடுத்த எபிசோட்ல டேங்க். அடி வாங்குறதுக்குன்னே ஒரு ஆள் எப்படி ஒத்துக்கிறார்னு பேசலாம். வர்றேன் மக்களே.